நீலத்துக்கு அடியில் சிவப்பு

என் அன்பு வாயாடிக்கு, அம்மா எழுதுகிறேன். நீ அங்கே நலமா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். இங்கே நாங்கள் நலம் என்று எழுதினேன், பொய்யாக இருந்தது, அடித்துவிட்டேன். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நான் கத்துவேன், உன் அப்பா போனைப் பிடுங்கி, "ஒண்ணும் இல்லடா கண்ணு, நீ சாப்டியா" என்று கேட்டு முடித்துவிடுவார். அதனால்தான் எழுதுகிறேன். கடைசி வரை படி.

அப்பாவின் உள்ளங்கைத் தடிப்பு உனக்கு நினைவிருக்கும். தையல்காரன், கத்தரி பிடித்துக் காய்த்த கை என்று அவர் பெருமையாகச் சொல்வார், நாமும் நம்பினோம். கத்தரி பிடிக்காத இடது கை ஏன் காய்த்தது என்று நம் வீட்டில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. பிறகு உள்ளங்காலிலும் மிளகு மிளகாகக் கிளம்பியது. மார்புத் தோல் கறுத்து, புழுதியில் மழைத்துளி விழுந்த மாதிரி நடுநடுவே வெளுத்தது. தோல் டாக்டர் படர்தாமரை என்றார், ஒரு களிம்பு தீர்ந்ததும் இன்னொன்று எழுதினார். வழுவழுப்பான துணியை அப்பா தொட்டால் கையில் மாட்டி இழை பிரிந்தது. எதிர்வீட்டு டீச்சர் தைக்கக் கொடுத்த துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "தப்பா நெனச்சுக்காதீங்கண்ணா, வீட்ல கொழந்தைங்க இருக்கு" என்றார். ஒட்டிக்கொள்ளுமாம். அந்த அம்மாள் தண்ணீர் பிடிப்பதும் நம் வாசல் அடிபம்பில்தான்.

போன மாதம் அப்பா பள்ளிச் சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தார். மெஷின் ஊசி விரலில் ஏறி இறங்கியிருக்கிறது, அவருக்குத் தெரியவில்லை. வெள்ளைத் துணியில் சிவப்பைப் பார்த்துவிட்டு, "யாருடி இதுல மையைக் கொட்டினது" என்று என்னைத்தான் திட்டினார். அவருடைய ரத்தம். துணியின் தரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் சொன்ன மனிதர்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கிருந்த லேடி டாக்டர் கையைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "எந்தத் தண்ணி குடிக்கிறீங்க?" நகத்தையும் சிறுநீரையும் சோதித்துவிட்டு ஆர்சனிக் என்றார். நிலத்தடியிலிருந்து தண்ணீரோடு ஏறி வருமாம், நிறமில்லை, வாசனை இல்லை, ருசியில்லை. வருடக்கணக்கில் உடம்புக்குள் போய்த் தோலைத் தடிக்க வைக்கும், நரம்பை மரக்க வைக்கும். பிறகு தோலிலோ மூத்திரப்பையிலோ நுரையீரலிலோ புற்றாகவும் வரலாம், விடாமல் பரிசோதித்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். தொட்டால் ஒட்டாது. மாத்திரை இல்லை, அந்தத் தண்ணீரை நிறுத்துவதுதான் வைத்தியம், கூடவே நல்ல சாப்பாடு. தடிப்பு மெல்லக் குறையலாம். விரல் உணர்ச்சி திரும்புமா என்றால் கையை விரிக்கிறார்.

தண்ணீர் சரியில்லையாம் என்று மட்டும் போனில் சொன்னேனே, நீ என்ன சொன்னாய்? "கொதிக்க வெச்சுக் குடிங்கம்மா, எல்லாம் செத்துடும்" என்றாய். நானும் பெரிய பாத்திரத்தில் பாதியாகச் சுண்டும் வரை கொதிக்க வைத்தேன். ஆஸ்பத்திரியில் சொல்லி, குடிநீர் ஆபீஸிலிருந்து தண்ணீரைச் சோதிக்க வந்த பெண் தலையில் அடித்துக்கொண்டாள். "கிருமின்னா சாகும்மா, இது கிருமி இல்ல. ஆவியாப் போறது தண்ணி மட்டுந்தான், இது அடியிலயே நிக்கும்" என்றாள். விஷத்தைச் சுண்டக் காய்ச்சி, ஆற்றி, வடிகட்டி, டம்ளரில் ஊற்றி உன் அப்பாவுக்குக் கொடுத்திருக்கிறேன். எரிகிறது எனக்கு.

அதைவிட எரிவது இது. அந்தப் பெண் பம்பைப் பார்த்துவிட்டு, "இதுக்குச் சிவப்புப் பெயின்ட் அடிச்சுட்டுத்தானே போனோம், குடிக்கக் கூடாதுன்னு. நீலம் யார் அடிச்சது?" என்றாள். நாம் குடி வருவதற்கு முன்பு நடந்ததாம். எனக்குக் கண் மண் தெரியவில்லை. வீட்டுக்குள் ஓடி, கைக்குக் கிடைத்ததை எடுத்து வந்து பம்பைச் சுரண்டினேன். நீலம் செதில் செதிலாக உதிர்ந்தது, அடியில் பளிச்சென்று சிவப்பு. அப்புறம்தான் பார்த்தேன், கையில் இருந்தது அப்பாவின் துணிக் கத்தரி. காகிதம் வெட்டினால்கூட வீட்டை இரண்டாக்குவாரே, அந்தக் கத்தரி. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அப்பா உள்ளே போய் மெஷின் ஸ்பேனரோடு வந்து, பம்பின் கைப்பிடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார். இப்போது அது தையல் மெஷினுக்கு அடியில் கிடக்கிறது.

வாடகை வாங்கும் வீட்டு ஓனர் வந்து குதித்தார். "செவப்பா இருந்தா எவன்மா குடி வருவான்? எல்லாருந்தான் குடிக்கிறாங்க, எவனுக்காவது வாந்தி பேதி வந்துச்சா?" என்று கேட்டார். அவர் வீட்டு மாடிப்படியில் கடைத்தண்ணீர் கேன்கள் அடுக்கியிருப்பதை இத்தனை வருடமும் பார்த்திருக்கிறேன். வசதியானவர் என்றுதான் நினைத்தேன். காலி பண்ணச் சொல்கிறார். பண்ண மாட்டோம். மனு கொடுத்திருக்கிறோம். நல்ல குழாய் இருப்பது இரண்டு தெரு தள்ளி, குடத்தைத் தூக்கிக்கொண்டு போகிறேன். வரிசை வீட்டுக்காரர்கள் எல்லோரும் என்னைத்தான் வைகிறார்கள். எதிர்வீட்டு டீச்சர் "வீட்டு வாசல்ல வந்த தண்ணிய நிறுத்தின மகராசி" என்றார். கையைக் காட்டுங்கள் என்றேன். பட்டென்று விரல்களை மூடிக்கொண்டார்.

இப்போது உன்னிடம் வருகிறேன். பஸ் ஏறும்போது செருப்பு கழன்றதே தெரியவில்லை என்று சொல்லிச் சிரித்தாயே, ராத்திரி பாதம் எரிகிறது, கோடவுனில் நின்றுகொண்டே வேலை பார்ப்பதால்தான் என்றாயே. பள்ளிக்கூடம் போன வருடமெல்லாம் இந்தப் பம்பில் வாய் வைத்துக் குடித்தவள் நீ. வெளிச்சத்தில் நின்று உள்ளங்கையைப் பார், உள்ளங்காலைத் தடவிப் பார். தடிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் டாக்டரிடம் போய், நான் வளர்ந்த வீட்டுத் தண்ணீரில் ஆர்சனிக் இருந்தது என்று நீயாகச் சொல். அவர்களாகக் கேட்க மாட்டார்கள். களிம்பு கொடுத்தால் வாங்காதே. எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு கத்துகிறேன்.

நீ நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும், கைகால் சுகத்தோடு. அப்பாவும் அதையே சொல்லச் சொன்னார். மறக்காமல் உன் இரண்டு உள்ளங்கைகளையும் படம் எடுத்து அனுப்பு. அந்த டீச்சரைப் போல என்னிடம் கையை மூடிக்கொள்ளாதே.

உன்னைத் திட்டாமல் இருக்கத் தெரியாத,
அம்மா