மொசேசேயின் காபிக்கொட்டை

ஆக்லாந்து, 2000

பொன்னம்மாவுக்கு,

நம் காபிக்கடைக்கு ஃபிஜி மலைக் கொட்டை கொண்டுவரும் மொசேசேயிடம் வாங்குவதை உன் தம்பி முனிசாமி நிறுத்தியது அநியாயம். அதற்குப் பதில் கப்பலில் வந்த பொட்டலக் காபியை விற்கிறானாம். "நம்மை விரட்டின ஜாதிக்காரனுக்கு நம் காசு எதற்கு?" என்றும் கேட்டானாம். கலகத்தில் ஃபிஜிக்காரர்கள் தவுவா ஊரில் இந்தியர் கடைத்தெருவை உடைத்தபோது, நம் வாசலில் பாய் விரித்து உட்கார்ந்து ஒருவரையும் உள்ளே விடாதவன் மொசேசே. முனிசாமி அன்று கரும்புக்குள் ஒளிந்திருந்தான்.

உன் மூட்டுவலி எப்படி? நான் சுகம். கையில் வெந்நீர் கொட்டியது, ஆறிவிட்டது. இங்கே கறுக்க வறுத்த கலவை ஒன்று வாங்கினேன். எந்த மலைக் கொட்டை என்று கேட்டேன். "குடித்தால் காபி, ஊர் தெரிந்து என்ன தாத்தா?" என்றான் கடைக்காரன். இன்னும் பேசுவானா என்று நின்றேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டான்.

முனிசாமி, அவர்கள் கரைத்துக் குடிக்கும் யங்கோனா வேரில் ஒரு கட்டு கொண்டுபோய், மொசேசே வீட்டுப் பாயில் உட்கார்ந்து, அவர்கள் முறைப்படி மன்னிப்புக் கேட்கட்டும். வறுக்கும் பதத்தையும் கலவையையும் நீ மொசேசேக்குச் சொல்லிக்கொடு. கடையை இனி அவன் நடத்தட்டும். சாவியைக் கொடுத்துவிட்டு நீ இங்கே புறப்பட்டு வா. நான் அங்கே திரும்புவதாக இல்லை.

சிவன்