நோவு நின்ற அன்று வைத்த பொங்கல்

என்ரை ஆசை அண்ணைக்கு,

நீங்கள் போன பிறகு இரண்டு புகையிலைப் போகம் முடிந்துவிட்டது. தோட்டத்தை நானும் உங்கள் பெண்சாதியான மச்சாளும்தான் பார்க்கிறோம். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. எங்களிடம்தான் ஒன்றும் இல்லை.

உங்கள் கடைவாய்ப்பல் நோவை யார்தான் பெரிதாக எடுத்தோம்? கிராம்பு வைத்தோம், தவிட்டு ஒத்தடம் கொடுத்தோம். தாடை வீங்கி, காய்ச்சலில் கிடந்து அனுங்கினீர்கள். மச்சாள் வைரவருக்குப் பொங்கல் நேர்ந்தார். ஒருநாள் விடிய எழும்பி, "தங்கச்சி, நோவு விட்டிட்டுதடி," என்றீர்கள். ஐயோ, எங்களுக்கு வந்த புளுகமும் சந்தோஷமும்! அன்றைக்கே பொங்கினோம். கொதிக்கிற பொங்கல் உங்கள் கீழ்ச்சொண்டில் பட்டு உதடு பொக்களித்தது. உங்களுக்குத் தெரியவே இல்லை. "சொண்டு விறைச்சுப் போச்சு, வைரவர் செய்த வேலை," என்று சிரித்தீர்கள். நாங்களும் சிரித்தோம், அண்ணை.

கன்னம் வெடித்துச் சீழ் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்குத்தர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "சதை வீங்கினா வெளியிலை தள்ளும். எலும்புக்குள்ளை வீங்க எங்கை இடம்? வீக்கம் உள்ளுக்கையே இரத்தக் குழாயளை நெரிச்சுப்போடும், நரம்பையும் நெரிக்கும். அதுதான் சொண்டு விறைச்சது. இரத்தம் ஓடாத எலும்பு செத்துப்போம். செத்தது நோகாது, பிள்ளை."

செத்த எலும்பைத் துண்டு துண்டாக எடுத்தார். அதற்குள் நஞ்சு உடம்பெல்லாம் ஏறி, நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள். அப்படியென்றால் நாங்கள் எதற்குப் பொங்கினோம்? உங்கள் தாடை செத்ததற்கா?

இப்போது உங்கள் மகள் பூமணிக்கு அதே கடைவாய், அதே வீக்கம். இந்த முறை நான் கிராம்பைத் தொடவில்லை. வீங்கிய அன்றே வண்டில் கட்டிக் கொண்டுபோனேன். பல்லைப் பிடுங்கி, கீறிவிட்டு, வீட்டுக்கு அனுப்பினார்கள். "இதுக்கு மேலை எங்களிட்டை மருந்தில்லை. இனி அவளின்ரை உடம்பு பட்ட பாடு," என்று டாக்குத்தர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்றிலிருந்து பிள்ளை அனுங்கிக்கொண்டே கிடந்தாள். அவள் அழ அழ, எலும்பில் இன்னும் இரத்தம் ஓடுகிறது என்று நான் வைரவரைக் கும்பிட்டேன். இப்படியும் ஒரு கும்பிடு உண்டா, அண்ணை?

இன்று காலை கஞ்சி பருக்கும்போது, "மாமி, இண்டைக்கு நோகேல்லை," என்றாள். மச்சாள் சந்தோஷத்தில் அழுதுகொண்டே, வைரவருக்குப் பொங்க, பங்கீட்டில் கிடைத்த கூப்பன் அரிசியைக் களைய எழுந்தார். நான் பிள்ளையின் கீழ்ச்சொண்டை மெல்லக் கிள்ளினேன். பிறகு நன்றாகவே கிள்ளினேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தபடியே இருந்தாள்.

மச்சாளுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. அடுப்பில் பானை ஏறிவிட்டது. நாளைக்கு மறுபடி வண்டில் கட்டுவேன்; அவர்கள் திருப்பி அனுப்பினாலும் கட்டுவேன். கடைசிவரை அவள் கையை விடமாட்டேன், அண்ணை. வேறொன்றும் என்னால் ஆகாது.

உங்களுக்குப் பின் பிறந்தவள்,
பூமணியின் மாமி