ஒரு பாம்பு மட்டும் இருக்கட்டும்

இன்று காலை கோயில் வாசல் கடையில் ஒரு பெண் வெள்ளித் தகட்டில் அடித்த பாம்பு உருவம் வாங்கிக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள் பாம்பு வந்துவிட்டதாம். உண்டியலில் போட்டால் போய்விடும் என்று மாமியார் அனுப்பியிருக்கிறார். நான் மீதிச் சில்லறை வாங்க மறந்து நின்றுவிட்டேன். முன்பு ஒருநாள் அதே கடையில் உனக்காக நானும் ஒன்று வாங்கியிருக்கிறேன்.

அப்போது உனக்குப் பார்க்கின்சன் வந்து ஐந்தாம் வருஷம். தபால் ஆபீஸ் கவுண்டரில் முப்பது வருஷம் போட்ட கையெழுத்து எறும்பளவுக்குச் சுருங்கிவிட்டது. நடை தளர்ந்ததில்கூட உனக்கு அவ்வளவு கோபம் இல்லை. திருநெல்வேலி டாக்டர் பழைய மாத்திரையைக் குறைத்து, புதிதாக ஒன்றைச் சேர்த்தார். முதல் வாரம் ஒரே குமட்டல். எழுந்தால் கண்ணை இருட்டியது. வெறும் வயிற்றில் போடாமல் இரண்டு பிஸ்கட்டோடு போட்டாய். கட்டில் ஓரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, காலை ஆட்டிவிட்டுப் பிறகு எழுந்தாய். நான் எல்லாவற்றையும் நேரம் போட்டு ஒரு நோட்டில் எழுதினேன். "பரீட்சைக்கா படிக்கிய?" என்று கேலி செய்தாய். மூன்றாம் வாரம் கையெழுத்து திரும்பி வந்தது. காலண்டர், கல்யாணப் பத்திரிகை, மாத்திரை அட்டை என்று கண்ட இடத்திலெல்லாம் உன் பெயரை எழுதி வைத்தாய்.

அப்புறம் ஒரு சாயங்காலம், "ஹால்ல ஒண்ணு சுருண்டு கெடக்கு, பாருங்க" என்றாய். கம்பை எடுத்து பீரோவுக்கு அடியிலெல்லாம் தட்டினேன். ஒன்றும் இல்லை. வேறு ஊராக இருந்தால் டாக்டருக்குப் போன் போட்டிருப்பார்கள். எனக்கு நம் ஊர் அம்மன் நினைவுதான் வந்தது. வெள்ளிப் பாம்பை உண்டியலில் போட்டேன். கோயிலில் மருந்தாகத் தரும் புற்றுமண்ணை வாங்கி வந்து தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். நீயும் குடித்தாய். மறுநாள் கேட்டதற்கு, "போயிட்டு" என்றாய். நோட்டில் 'சரியாயிற்று' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். படித்தவன்தான் நானும்.

பத்து நாள் கழித்துத்தான் நீ அடுப்படிக்குப் போகும் வழியைக் கவனித்தேன். ஹாலின் நடுவே போகாமல் சுவரை ஒட்டிச் சுற்றிப் போனாய். அப்படிப் போகும்போது ஒருநாள் தடுமாறி, கதவு நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டாய். மஞ்சள் பத்துப் போட்டுக்கொண்டே கேட்டேன்.

"ஏட்டி, பாம்பு போகலையா?"

"இல்ல."

"பின்ன ஏன் போயிட்டுன்னு சொன்ன?"

"மாத்திரைய நிப்பாட்டிருவாவ. கையெழுத்து போயிரும்."

அது மாத்திரையின் வேலை என்று உனக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. "நெசப் பாம்புன்னா கம்பு சத்தத்துக்கு நகரும்லா. நீங்க கோயிலுக்குப் போகணும்னு நின்னிய. போயிட்டு வரட்டும்னு விட்டுட்டேன்" என்றாய். டாக்டரிடம் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டாய். அன்றே மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். திடீரென்று நிறுத்தக் கூடாது, கூட்டி வாருங்கள் என்றார்கள்.

டாக்டர் உன் முகத்தைப் பார்த்து, "எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார். நீ வாயைத் திறப்பதற்குள் நான் பதில் சொன்னேன். நம் பக்கத்தில் மனைவியின் வயிற்றுவலியைக்கூடக் கணவன்தான் விவரிப்பான். பாம்பு, நெற்றிக் காயம், புற்றுமண், எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். புது மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொன்னார். திரும்பி வரும்போது பஸ் தேவர்குளம் தாண்டியும் நீ ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாய். இரண்டு மாதத்தில் பாம்பு போனது. கையெழுத்தும் போனது.

அடுத்த முறை நான் நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் குரல் ஏற்கெனவே மெலிந்திருந்தது. பேச்சைத் தொடங்கவே உனக்கு நேரமாகும். டாக்டர் காத்திருந்தார்.

"கொஞ்சம் கூட்டிக் குடுங்க சார். ஒரு பாம்பு மட்டும் இருக்கட்டும். அது பொய்யின்னு எனக்குத் தெரியும். கையெழுத்து எனக்கு வேணும்."

டாக்டர் சிரிக்கவில்லை. பாதி மாத்திரையைத் திரும்பச் சேர்த்தார். கீழே விழுந்தாலோ, பாம்பு நிஜம் என்று தோன்ற ஆரம்பித்தாலோ உடனே வரவேண்டும் என்றார். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் நாம் அந்தப் பாம்போடு குடும்பம் நடத்தினோம். "இன்னைக்கு எங்கன கெடக்கு?" என்று காலையில் கேட்பேன். நீ கையைக் காட்டுவாய். நானும் சுற்றிப் போவேன்.

நிமோனியாவில் நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. போன வாரம் மகன் என்னைச் சர்க்கரைக்குக் காட்டக் கூட்டிப் போனான். டாக்டர் கேள்வியை என்னிடம் கேட்டார், பதிலை அவன் சொன்னான். என் தூக்கம், என் கால் எரிச்சல், நான் ஒளித்துத் தின்னும் அல்வா வரை ஒன்றையும் விடவில்லை. அன்பில்தான் சொன்னான். நான் வாயில் வந்த வார்த்தையோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது, அவனை நினைத்தல்ல.

அன்றைக்கு உன்னை முந்திக்கொண்டு பேசியதற்கு நான் மன்னிப்புக் கேட்டதே இல்லை. இப்போது கேட்கிறேன். பதிலை நீ உன் நேரத்துக்குச் சொல்லு. நான் குறுக்கே பேச மாட்டேன்.