மேஸ்திரியும் ஒட்டடைக் குச்சியும்

மார்ச் 3, செவ்வாய்

சார்ஜர் வயர் மறுபடியும் போச்சு. ஊருக்கெல்லாம் வயர் இழுக்கிற எலக்ட்ரீஷியன் வீட்டில் போனுக்குச் சார்ஜ் போட வழியில்லை என்றால் யாராவது நம்புவார்களா? இவர் தரையில் குப்புறப் படுத்து, கட்டிலுக்கடியில் டார்ச் அடித்து, "டேய், வெளிய வாடா, பேசித் தீத்துக்கலாம்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

முயல் வந்து பத்து நாள்தான் ஆகிறது. லேபில் என்னோடு வேலை பார்த்தவள் வெளிநாடு போகும்போது கொடுத்துவிட்டுப் போனாள். சாம்பல் நிறம். ஒரு காது நிமிர்ந்திருக்கும், இன்னொன்று சரிந்திருக்கும். வந்த அன்றே வீட்டை மூலை மூலையாகச் சுற்றினான், சுவரைப் பல்லால் சோதித்தான், சோபாவுக்கடியில் புகுந்து பார்த்தான். கடைசியில் நடு ஹாலில் நின்று பின்னங்காலால் தரையில் ஓங்கி ஒரு உதை. "தளம் சரியில்லைங்கறான்" என்றார் இவர். அன்றிலிருந்து பெயர் மேஸ்திரி.

நாள் முழுக்க ஊராருக்குப் பல் செட் செய்கிறேன். வீட்டுக்கு வந்தால் இங்கேயும் பல்லோடுதான் பாடு. ஆனாலும் கதவைத் திறந்ததும் என் காலைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறானே, அதற்காகவே இப்போதெல்லாம் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறேன்.

மார்ச் 5, வியாழன்

தடுப்பூசி போட்டாயிற்று. முயலுக்கு வரக்கூடிய ரெண்டு நோய்க்கும் சேர்த்து ஒரே ஊசி. ஒன்று கொசு மூலமாகப் பரவுமாம். இன்னொன்று வந்ததே தெரியாமல் ஆளை முடித்துவிடுமாம். மேஸ்திரி அசையவில்லை. இவர்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டாக்டரம்மா சின்ன வயசுதான், ஆனால் வெட்டு ஒன்று துண்டு ரெண்டு என்று பேசுகிறார். "ஆம்பளை முயல், வயசுக்கு வந்தாச்சு. அதான் மூலைக்கு மூலை மூத்திரம் அடிக்கறது, காலைச் சுத்தறது, தரையை உதைக்கறது எல்லாம். கருத்தடை பண்ணிடுங்க. ஆபரேஷன் வியாழக்கிழமை மட்டும்தான். ரெண்டு வாரம் கழிச்சு வாங்க."

"உதைக்கறது நின்னுடுமா?"

"குறையும். நிக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

காலைச் சுற்றுவது என் மேல் பாசம் என்று நினைத்திருந்தேன். வயசுக் கோளாறாம். போகட்டும்.

வழியெல்லாம் இவர் கூடையை மடியிலேயே வைத்திருந்தார். வீட்டு வாசலுக்கு வந்ததும், "அவன் என்னடி தப்பு பண்ணான்?" என்றார். "பயப்படாதீங்க, ஆபரேஷன் அவனுக்குத்தான்" என்றேன். அப்போதும் முகம் தெளியவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

மனசே சரியில்லை.

கீழ்வீட்டில் பேக்கரிக்காரம்மா. வீடு அவருடையது, தெருமுனை பேக்கரியும் அவருடையது. தனியாள். விடியுமுன் போய் அடுப்பு மூட்ட வேண்டும் என்பதால் இருட்டியதும் படுத்துவிடுவார். மேஸ்திரிக்கோ அப்போதுதான் பொழுது விடியும். அவன் தளத்தைச் சோதிப்பான். கீழேயிருந்து ஒட்டடைக் குச்சியால் கூரையில் டொக் டொக் என்று இடிப்பார் — சத்தம் போடாதே என்று அர்த்தம். மேஸ்திரி காதை நிமிர்த்திக் கேட்டுவிட்டு, பதிலுக்கு டம். மறுபடியும் டொக் டொக். மறுபடியும் டம். பாய் போட்டோம், பழைய மெத்தையைப் பிரித்து விரித்தோம். எதுவும் விரிக்காத இடமாகப் பார்த்துப் போய் உதைக்கிறான்.

இன்று காலை மேலே ஏறி வந்துவிட்டார், மாவு படிந்த ஏப்ரனோடு.

"தூங்கணும்னு தட்டினா எதிர்த்தா தட்டறீங்க? அவ்வளவு திமிரா?"

நாங்கள் இல்லை, இவன்தான் என்று மேஸ்திரியைக் காட்டினேன். ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி முகம் கழுவிக்கொண்டிருந்தான்.

"இந்தத் துளியூண்டா? என் காதுல பூ சுத்தாதீங்க."

அந்த நேரம் பார்த்து ஒரு உதை விட்டான். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அந்தம்மா ஒரு அடி பின்னால் போனார். அப்புறம், "மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன். சத்தம் நிக்கலைன்னா அதை எங்கயாவது அனுப்பிடுங்க. இல்லேன்னா வேற வீடு பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

எங்கே அனுப்புவது? கொடுத்தவள் கடல் தாண்டிப் போய்விட்டாள். பதினைந்து நாளில் ஒரு பிராணி மேல் இவ்வளவு ஒட்டுதல் வருமா என்ன? வந்துடுச்சே. வீட்டை விடலாம் என்றால், லேபுக்குப் பக்கத்தில் இந்த மாதிரி காற்றோட்டமான வீடு வேறெங்கே கிடைக்கும்? அவங்க கேக்கறதும் நியாயம்தான். அதுதான் இன்னும் எரிச்சலா இருக்கு.

மார்ச் 9, திங்கள்

இன்றைக்கும் டொக் டொக். டம். டொக் டொக். டம்.

மார்ச் 19, வியாழன்

ஆபரேஷன் நடக்கவில்லை.

டாக்டரம்மா மேஸ்திரியை எடை பார்த்துவிட்டு, "காலையில என்ன சாப்பிட்டான்?" என்று கேட்டார்.

"ஒண்ணுமே இல்ல டாக்டர். நேத்து ராத்திரியே புல்லு, தண்ணி எல்லாத்தையும் எடுத்து வெச்சுட்டேன்" என்றார் இவர், பெருமையாக.

நான் இவரைப் பார்த்தேன். இவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் செய்தபோது பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க விடவில்லை. அந்தப் பத்தியத்தை அப்படியே மேஸ்திரிக்கும் வைத்துவிட்டார். நான் வேலைக் களைப்பில் சீக்கிரமே தூங்கிப்போனேன், கவனிக்கவில்லை.

டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "முயலுக்கு வாந்தியே வராதுங்க. வயிறு ஓடிக்கிட்டே இருக்கணும், காலியா இருந்தாத்தான் ஆபத்து. முதல்ல வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய்ச் சாப்பிட வைங்க." அடுத்த வாரம் இடமில்லையாம். ஏப்ரல் ரெண்டாம் தேதிதான்.

கெடுவோ மார்ச்சோடு முடிகிறது.

வீட்டுக்கு வந்து காய்ந்த புல்லைப் போட்டதும் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தின்றான். இவர் பக்கத்தில் உட்கார்ந்து, "மன்னிச்சுக்கோடா" என்றார். கோபம் பொத்துக்கொண்டு வந்தது எனக்கு. அந்த மூஞ்சியைப் பார்த்ததும் திட்ட வாய் வரவில்லை.

மார்ச் 20, வெள்ளி

வேலைக்குப் போகும் வழியில் பேக்கரிக்குள் நுழைந்தேன். மாவு பிசைந்துகொண்டிருந்தார்.

"இன்னும் கொஞ்ச நாள் அவகாசம் வேணும். ரெண்டாம் தேதி ஆபரேஷன்."

கை நின்றது. "அய்யோ, யாருக்கு?"

"முயலுக்கு."

என்ன ஆபரேஷன் என்று கேட்டார். தணிந்த குரலில்தான் சொன்னேன். ஆனாலும் ரொட்டி வாங்க நின்றிருந்த பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு வெளியே போய் நின்றார். அந்தம்மா சிரிக்கவில்லை.

"அதுக்கப்புறம் உதைக்காதா?"

பொய் சொல்லிவிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. "குறையும்னாங்க. நிக்கும்னு சொல்லல."

அந்தம்மா மாவை ஓங்கி ஒரு அறை அறைந்தார். "சரி, முடிச்சுட்டு வா. அப்புறம் பாப்போம்."

ஏப்ரல் 2, வியாழன்

முடிந்தது. வயிறு முட்டச் சாப்பிட வைத்துத்தான் கூட்டிப்போனோம். இவர் வெளியே ஒரு இடத்தில் நிற்கவில்லை. கடைசியில் அங்கே எரியாமல் கிடந்த டியூப்லைட்டைக் கழற்றிச் சரிசெய்து கொடுத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

மேஸ்திரி கூடையில் திரும்பி வந்தான். கண் திறந்திருக்கிறது, ஆனால் அவன் அதில் இல்லை. "நாளைக்குள்ள சாப்பிடணும், புழுக்கை போடணும். இல்லேன்னா உடனே தூக்கிட்டு வாங்க" என்றார் டாக்டரம்மா.

இருட்டியதும் கீழேயிருந்து டொக் டொக். எதற்கு? இங்கே ஒரு சத்தமும் இல்லையே. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் டொக் டொக். மேஸ்திரியின் காது அசையவில்லை.

ஏப்ரல் 3, வெள்ளி

சாப்பிடவில்லை. புழுக்கையும் இல்லை. லீவு போட்டேன்.

டாக்டரம்மா கொடுத்த பொடியைக் குழைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் வாயோரமாக ஊட்டினேன். பல் அச்சுக்குக் குழைக்கிற அதே பதம், கை பழகின வேலை. ஆனாலும் கொஞ்சம்தான் உள்ளே போனது, மீதி என் மடியில். போன் செய்தால், சாயங்காலம் வரை பார்த்துவிட்டுக் கூட்டி வரச் சொல்கிறார். அதுவரை எப்படிப் பார்த்துக்கொண்டு இருப்பது?

மத்தியானம் கதவைத் தட்டினார்கள். பேக்கரிக்காரம்மா, கையில் ஒரு கட்டுக் கேரட் தழையோடு.

"என்ன, சத்தத்தையே காணோம்? நேத்து ரெண்டு தடவை தட்டிப் பாத்தேன், பதிலே இல்ல. செத்துகித்துப் போச்சா?"

"சாப்பிட மாட்டேங்கறான்" என்று சொல்ல ஆரம்பித்தேன். முடிக்கவில்லை. இப்படி அழுவேன் என்று எனக்கே தெரியாது.

அவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மேஸ்திரியைப் பார்த்து, "எனக்குக் கர்ப்பப்பை எடுத்தப்ப எதுவுமே எறங்கல. பக்கத்துல உக்காந்து சாப்பிடுன்னு சொல்லக்கூட ஆளில்ல. உனக்கு ரெண்டு பேர் இருக்காங்களேடா, தின்னா என்ன?" என்றார். தழையை மூக்கருகில் நீட்டினார். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

நான் தேநீர் போட்டேன். அவர் போகவில்லை. என்னென்னவோ பேசினோம். அடுப்புச் சூட்டைப் பற்றிச் சொன்னார், நான் பல் நிறத்தை எப்படிப் பொருத்துவது என்று சொன்னேன். நடுவில் 'கறுக்' என்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தால் அவருடைய ஏப்ரன் நாடா துண்டாகித் தரையில் கிடக்கிறது.

"அடப்பாவி! உனக்குப் போய்ப் பரிதாபப்பட்டேனே!"

திட்டிக்கொண்டே தழையை நீட்டினார். வாங்கிக்கொண்டான். ஒரு இலை. அப்புறம் இன்னொன்று. நாங்கள் மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தோம்.

ஏப்ரல் 4, சனி

புழுக்கை! சின்னச் சின்னதாகத்தான், ஆனாலும் புழுக்கை. இவரை உலுக்கி எழுப்பிக் காட்டினேன். புழுக்கையைப் பார்த்துக் கட்டிப்பிடித்துக்கொண்ட புருஷன் பொண்டாட்டி நாங்களாகத்தான் இருப்போம். இவர் வேலைக்குப் போகிற வழியில் பேக்கரி வாசலில் நின்று, அத்தனை பேர் முன்னாலும் சத்தமாகச் சொன்னாராம். பன் கொடுத்து அனுப்பினார்களாம், வாயை அடைக்க.

ஏப்ரல் 26, ஞாயிறு

மூலைக்கு மூலை அடிப்பது நின்றுவிட்டது. ஹால் முழுக்க இப்போது பாய்தான். உதை குறைந்திருக்கிறது, அடியோடு நிற்கவில்லை. மாசக் கடைசி, வேறு வீடு என்று யாரும் பேசவுமில்லை.

காலைச் சுற்றி ஓடுவது மட்டும் கொஞ்சமும் குறையவில்லை. அப்படியென்றால் அது வயசுக் கோளாறு இல்லை. டாக்டரம்மாவிடம் சொல்லப்போவதில்லை.

ஜூன் 14, ஞாயிறு

காலையில் மேஸ்திரியைக் கீழ்வீட்டில் விட்டுவிட்டு நாத்தனார் வீட்டுக்குப் போனவர்கள் இருட்டும் நேரத்தில்தான் திரும்பினோம். அவனைக் கூட்டிவரக் கீழே போனேன். பேக்கரிக்காரம்மா கதவைப் பாதிதான் திறந்தார்.

"இப்பத்தான் சாப்பிட்டுக் கட்டிலுக்கடியில படுத்திருக்கான். காலையில வா." கதவைச் சாத்தப் போனவர் நிறுத்தினார். "அப்புறம், அந்தப் பாயையெல்லாம் எடுத்துடு. மேல என்ன நடக்குதுன்னு ஒண்ணுமே சரியா கேக்கல."

மேலே வந்து, இருக்கிற பாயையெல்லாம் சுருட்டி மூலையில் வைத்தோம். சார்ஜர் வயர் முழுசாக இருந்தது. வீடு அமைதியாக இருந்தது. "என்னமோ மாதிரி இருக்குல்ல?" என்றார் இவர்.

நடு ஹாலில் நின்று குதிகாலால் தரையில் ஒரு தட்டுத் தட்டினேன்.

"ஏய், தூங்கற நேரம்டி. திட்டப்போறாங்க."

இவர் சொல்லி முடிக்கவில்லை. கீழேயிருந்து வந்தது — டொக் டொக்.