வரிசையில் நின்ற மருந்துச் சீட்டுகள்

அன்புள்ள அப்பாவுக்கு, டப்ளினிலிருந்து யுவராணி. உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மா சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா? நான் நலம். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் இதை எழுதுகிறேன்.

மருத்துவமனைகளின் மருந்துச் சீட்டுகளை மருந்துக் கிடங்கின் கம்ப்யூட்டருக்கு அனுப்புவதுதான் என் வேலை. போன வாரம் அந்தக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. சீட்டுகள் எங்கள் பக்கம் வரிசையில் குவிந்தன. மேலாளர் ஜாஸ்பர் அண்ணன், போடிக்காரர், பதறிப்போனார்.

"ஏத்தா, வரிசை நிரம்பித் திணறுது. அழிச்சுட்டுப் புதுசா ஆரம்பிப்பமா? மேல உள்ளவுக கத்துறாக."

"வேணாம்ணே. ஒவ்வொண்ணும் ஒரு நோயாளி. அங்கன சரியாகிற வரைக்கும் இங்கன நிக்கட்டும்."

சீட்டுகள் காத்திருக்கும் இடத்தை மட்டும் எங்கள் கம்ப்யூட்டரில் பெரிதாக்கினேன். மறுநாள் கிடங்குக் கம்ப்யூட்டர் எழுந்ததும் எல்லாம் போய்ச் சேர்ந்தன. பதில் வராததால் மறுபடி அனுப்பப்பட்டு இரண்டு முறை போன சீட்டுகளை எண் பார்த்து அதுவே ஒதுக்கிவிட்டது. ஒன்றுகூடத் தொலையவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குச் சந்தோஷமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. அறைக்கு வந்து ரொட்டி தின்றேன். வெறும் அசதிதான், கவலைப்படாதீர்கள்.

யாராவது இங்கே வந்தால் ரசப்பொடி கொடுத்துவிடுங்கள். வீட்டுத் தலையணை உறை ஒன்றும் வேண்டும். புதிது வேண்டாம், போட்டுக்கொண்டிருப்பதே போதும். போனில் பேச ஒன்றுமில்லையென்றாலும் உடனே வைத்துவிடாதீர்கள். நீங்கள் பாட்டுக்கு டிவி பாருங்கள், நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பஸ் வந்துவிட்டது.

யுவராணி