வாசல் விளக்கு

என் செல்ல மகளுக்கு,

ஆமைக்குஞ்சுகள் பொரிக்கும் பருவம் இது. சின்ன வயதில் நீ அவற்றோடு கடல்வரை நடந்துபோய் வழியனுப்பிவிட்டு வருவாய்.

இன்று காலை கதவைத் திறந்தால், படியெல்லாம் குஞ்சுகள் செத்துக் கிடந்தன. நம் வாசல் விளக்கைக் கடலின் வெளிச்சம் என்று நம்பி ஊர்ந்து வந்திருக்கின்றன. விடிந்ததும் காக்கைகள் கொத்திவிட்டன. அன்று உன்னைப் போகச் சொல்லி, உன் பையைத் தூக்கி நான் வெளியே வைத்த அதே படி.

"ராத்திரி பூரா லைட்டை எரியவிடாதீங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்?" என்றாள் அம்மா.

"திருட்டு பயம்."

"நம்ம வீட்டுல திருட என்ன இருக்கு? அவ போன நாள்லேர்ந்துதானே எரியுது?"

உயிரோடு மிஞ்சியவற்றை வாளியில் எடுத்துப்போய் ஈரமணலில் விட்டேன். ஒன்று மட்டும் தண்ணீரை விட்டுத் திரும்பி என் காலடிக்கே வந்தது. எனக்குக் கூசிப்போயிற்று. அதைத் திருப்பிவிட்டு, அலை கொண்டுபோகும்வரை நின்றேன்.

இனி விளக்குப் போடமாட்டேன். வீடு இருட்டாக இருக்கிறதே என்று திரும்பிப் போய்விடாதே, மகளே. எந்த நேரமானாலும் தட்டு. நான் விழித்துத்தான் இருப்பேன்.

அப்பா