கழுத்து ஊத்தை

ஏறாவூர்,
வியாழக்கிழமை.

அன்புள்ள இஷாம் காக்கா,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மாவும் நானும் சுகம். கத்தாரில் உங்களுக்கும் அல்லாஹ் சுகத்தைத் தரட்டும். போனில் சொன்னால் சிரித்து மழுப்பிவிடுவீர்கள். அதனால்தான் லீவு முடிந்து திரும்பும் உங்கள் கூட்டாளி ஷிஹானிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். நீங்கள் அனுப்பிய வெள்ளையாக்கும் கிறீமும் இதே பொதியில் இருக்கிறது. திறக்கவில்லை.

என்னைப் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் அறைக்குள் வந்து என் முக்காட்டை விலக்கிப் பார்த்தார்கள். கழுத்தெல்லாம் ஊத்தையாக் கிடக்கே, புள்ள குளிக்கிறல்லயா என்று உம்மாவிடம் கேட்டுவிட்டுப் போனவர்கள், பிறகு வரவேயில்லை. உம்மா பீர்க்கம் நாரால் தேய்த்ததில் தோல் உரிந்தது, கறுப்புப் போகவில்லை. நீங்களோ, நன்றாகத் தேய்த்துக் குளி என்று வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினீர்கள். பின்னால் யாரோ சிரித்ததும் கேட்டது. அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மட்டக்களப்பில் டொக்டரம்மா பார்த்ததுமே, இது ஊத்தையில்ல மகள் என்றார். உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாம். மாதவிடாய் தள்ளிப்போவதும் அதனால்தானாம். இந்த வயதிலேயே கவனித்தால் சீனி வருத்தம் வராமல் தடுக்கலாம் என்றார். அதே வருத்தத்தில் வாப்பாவுக்குக் கால் எடுத்த கதையைச் சொன்னேன். கூடப் பிறந்தவர்களும் சோதிக்க வேண்டும் என்றார்.

இப்போது என் கூட்டாளி பஹீமாவோடு வாவிக்கரையில் தினமும் நடக்கிறேன். மாப்பிள்ளை பிடிக்க மெலிகிறாள் என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

பெருநாளைக்கு முன் சலூனில் ஷிஹான் பின்னாலிருந்து எடுத்த உங்கள் படத்தை உம்மா தெருவெல்லாம் காட்டினார். என்ட மகன் நல்லாக் கொழுத்திருக்கான், மாஷா அல்லாஹ் என்று பூரிப்பு. என் உடம்பில் குறையாகத் தெரிகிற சதை உங்கள் உடம்பில் மட்டும் செழிப்பு. நானும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சேர்ட் கொலருக்கு மேலே, என் கழுத்தில் இருக்கிற அதே கறுப்பு. உங்களை யாரும் குளிக்கச் சொல்லவில்லை.

உம்மா உங்களுக்கென்று கிண்டிக் கட்டிவைத்த மஸ்கட் அல்வாவை நான் பொதியிலிருந்து எடுத்துவிட்டேன். கோபம் வந்தால் வரட்டும். உங்களுக்கு இன்னும் முப்பது ஆகவில்லை காக்கா. இந்தக் கிழமையே வெறும் வயிற்றோடு போய்ச் சீனி சோதிக்க இரத்தம் கொடுங்கள். வாப்பாவின் புண்ணுக்கு மருந்து கட்டியவள் நான். இன்னொருவருக்குக் கட்ட என்னால் ஏலாது.

அல்லாஹ் உங்களை இரண்டு கால்களோடும் இந்த வாசலுக்குக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள் தங்கச்சி,
றுமானா